விதையும் வாக்கும் – பகுதி 6: எழுபத்தொன்பது தொகுதிகள், ஒரு கைது ஆணை

இதுவரை: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில், 17 வயதில் பழைய புத்தகக் கடை நடத்தத் தொடங்கியவர் மார்க் எமரி. அரசு தடை செய்த கஞ்சா நூல்களையும் பத்திரிகைகளையும் வேண்டுமென்றே விற்று, சட்டத்தோடு மோதினார். 1994-ல் வான்கூவருக்குக் குடிபெயர்ந்து, 'ஹெம்ப் பி.சி.' என்ற கடையைத் திறந்து, கஞ்சா விதைகளைப் பகிரங்கமாக விற்றார். போலீஸ் மீண்டும் மீண்டும் வந்து கடையைத் துடைத்து எடுத்துச் சென்றது. 1998-ல் விதை விற்ற குற்றத்துக்கு நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனை 2,000 டாலர் அபராதம்.

அந்த 2,000 டாலரை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். இந்த வாரக் கதையின் முடிவில் அந்தத் தொகை திரும்பவும் தேவைப்படும்.

*

விதையிலிருந்து வந்த பணம்

கடை போனது. வியாபாரம் போகவில்லை.

எமரி விதை விற்பனையைத் தபாலுக்கும் இணையத்துக்கும் மாற்றினார். அவருடைய 'கேனபிஸ் கல்ச்சர்' பத்திரிகையில் விதைப் பட்டியல் விளம்பரமாக வரும். வாசகர் பணம் அனுப்புவார். விதை உறையில் போய்ச் சேரும். கனடாவின் அன்றைய போதைப்பொருள் சட்டப்படி முளைக்கும் திறன் உள்ள கஞ்சா விதையும் தடை செய்யப்பட்ட பொருளாகவே இருந்தது. ஆனால் 1998 அபராதத்துக்குப் பிறகு, அதிகாரிகள் அவரைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள்.

எமரி எதையும் ஒளிக்கவில்லை. வருமான வரிப் படிவத்தில் தன் தொழிலைக் கஞ்சா விதை விற்பனை என்றே எழுதினார். வரியும் கட்டினார். அரசு அந்த வரியை வாங்கிக்கொண்டது.

மிஞ்சிய பணம் எங்கே போனது என்பதில்தான் இந்தத் தொடரின் முடிச்சு இருக்கிறது. சிறைக்குப் போன கஞ்சா ஆர்வலர்களின் வழக்குச் செலவு, பேரணிகள், சட்ட மாற்றத்துக்கான மக்கள் வாக்கெடுப்பு இயக்கங்கள் என்று கனடாவுக்குள்ளும் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலும் அந்தப் பணம் பாய்ந்தது. 2000-ல் 'பாட்-டிவி' என்ற இணையத் தொலைக்காட்சியைத் தொடங்கினார். யூடியூப் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு அது.

அதே ஆண்டு, மான்ட்ரியாலைச் சேர்ந்த ராக் இசைக் கலைஞர் மார்க்-போரிஸ் செயின்ட்-மொரீஸ் ஒரு யோசனையோடு வந்தார். கியூபெக் மாகாணத்தில் 1998 தேர்தலில் 'ப்ளாக் பாட்' என்ற சிறு கட்சியை நடத்திப் பார்த்தவர் அவர். இப்போது நாடு முழுவதற்குமாக ஒரு மரிஜுவானா கட்சி வேண்டும் என்றார்.

அன்றைய விதி கடுமையானது. குறைந்தது 50 தொகுதிகளில் வேட்பாளர் நிறுத்தாத கட்சிக்குப் பதிவு கிடையாது; வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் வராது. பிறப்பிலேயே சிறு கட்சிகளை அமுக்கிவிடும் விதி. 2003-ல்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்த வழக்கைப் போட்டு வென்றவர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மிகேல் ஃபிகுரோவா.

2000 நவம்பர் 27. மத்தியத் தேர்தலில் மரிஜுவானா கட்சி 73 தொகுதிகளில் நின்றது. 66,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கியது. நாடு தழுவிய கணக்கில் அரை சதவீதம்.

பெரிய கட்சிகள் இந்த எண்ணைக் கவனிக்கவே இல்லை. எமரி கவனித்தார்.

*

எல்லாத் தொகுதியிலும்

வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல். மொத்தம் 79 தொகுதிகள்.

ஐந்து தொகுதியில் நின்று ஐந்திலும் உழைப்பது சிறு கட்சிகளின் வழக்கம். எமரி எதிர்த்திசையில் யோசித்தார். 79 தொகுதிகளிலும் நிற்க வேண்டும். மீன்பிடித் துறையில் இருப்பவரும், மலையடிவார மரவெட்டியும், வான்கூவரின் வங்கி ஊழியரும் வாக்குச்சாவடியில் சீட்டைப் பிரிக்கும்போது 'மரிஜுவானா கட்சி' என்ற பெயரைக் கண்ணால் பார்க்க வேண்டும். குற்றமாக ஒளிந்துகிடந்த சொல், அரசாங்கமே அச்சிட்ட தாளில் ஏற வேண்டும்.

இதற்குப் பணம் வேண்டும். அந்த மாகாணத்தில் அப்போது அரசியல் நன்கொடைக்கு உச்சவரம்பே கிடையாது. தனிமனிதரோ கம்பெனியோ எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2017-ல்தான் அந்தக் கதவை மூடினார்கள். சுரங்க முதலாளிகளும் கட்டுமான நிறுவனங்களும் பெரிய கட்சிகளுக்குக் கொட்டிக் கொடுத்த அதே வழியில், விதைப் பணம் சிறு கட்சிக்குள் வந்தது.

மாகாண மரிஜுவானா கட்சியின் தலைவராக எமரி உட்காரவில்லை. கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரின் மேயராக இருந்த பிரையன் டெய்லரை முன்னிறுத்தினார். மேயர் நாற்காலியில் அமர்ந்த ஒருவர் கஞ்சாச் சட்டத்தை மாற்று என்று கேட்கும்போது, அதைப் போதைக்காரன் பேச்சு என்று தள்ள முடியாது. பணமும் பிரசாரமும் எமரி பக்கம்; முகம் டெய்லருடையது.

வேட்பாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பத்திரிகை வாசகர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், வலிக்காகக் கஞ்சா பயன்படுத்திய நோயாளிகள். பெரும்பாலானோருக்கு அதுதான் முதல் தேர்தல்.

அவர்களில் யாரும் வெற்றிக் கனவோடு வரவில்லை. ஆனாலும் 79 இடமும் நிரம்பியது.

*

2001 மே 16, இரவு

அந்தத் தேர்தல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வரலாற்றில் ஒரு சுனாமி.

ஆண்டுகொண்டிருந்த புதிய ஜனநாயகக் கட்சியின் முதல்வர் உஜ்ஜல் தோசாஞ்ச், பஞ்சாபின் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கனடாவில் ஒரு மாகாணத்தின் முதல்வரான முதல் இந்திய வம்சாவளியினர். வாக்குப் பதிவுக்கு ஒரு வாரம் முன்பே அவர் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். கார்டன் கேம்ப்பெல் தலைமையிலான லிபரல் கட்சி 79-ல் 77 இடங்களை அள்ளியது. ஆளுங்கட்சிக்கு மிஞ்சியவை இரண்டே இரண்டு.

பசுமைக் கட்சி 12 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியும் ஓர் இடம்கூடப் பெறவில்லை. தொகுதியில் முதலில் வந்தவரே வெற்றியாளர் என்ற முறை எப்படி வேலை செய்யும் என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வாக்கு ஊரெங்கும் சிதறிக் கிடந்தால், கோட்டைக்குள் ஒரு நாற்காலியும் கிடைக்காது.

மரிஜுவானா கட்சிக்குக் கிடைத்தவை 51,000-க்குச் சற்று மேற்பட்ட வாக்குகள். மாகாணம் முழுவதும் சேர்த்து 3.2 சதவீதம்.

இடங்கள்: பூஜ்யம்.

மறுநாள் பத்திரிகைகளில் அது ஒரு மூலைச் செய்தி. ஆனால் அந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மத்தியத் தேர்தலில் ஆறே மாதத்துக்கு முன் அரை சதவீதம் வாங்கிய கோரிக்கை அது. வாக்களித்தவர்கள், தங்கள் வாக்கு எவரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பாது என்று தெரிந்தே போட்டார்கள். முப்பது பேரில் ஒருவர், வேறு எந்தப் பயனையும் எதிர்பாராமல், ஒரு சட்டம் அநியாயமானது என்று சொல்வதற்காகவே வரிசையில் நின்றார்.

என் பார்வையில் எமரியின் அரசியல் வாழ்வின் உச்சி அந்த இரவுதான். அதற்குப் பிறகு அவர் அதைவிடப் பெரிய வாக்கு எதையும் வாங்கவில்லை.

*

கேட்கத் தொடங்கிய காதுகள்

அடுத்த இரண்டு ஆண்டுகளில், கட்சி பேசியதைக் கட்சிக்கு வெளியே இருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

2001 ஜூலை இறுதியில் கனடா அரசு மருத்துவக் கஞ்சாவுக்கான விதிமுறைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2002 செப்டம்பரில் செனட் குழு ஒன்று தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் தலைவர் பியர் கிளாட் நோலின், பழமைவாதக் கட்சியைச் சேர்ந்தவர். கஞ்சாவால் வரும் தீங்கைவிடத் தடையால் வரும் தீங்கு பெரிது என்று முடிவு செய்த அந்தக் குழு, குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவது என்ற பாதி வழியில் நிற்காமல், முழுச் சட்ட அனுமதியையே பரிந்துரைத்தது.

அதே ஆண்டு நவம்பரில் வான்கூவர் மேயர் தேர்தல். எமரியும் நின்றார், தோற்றார். வென்றவர் லாரி கேம்ப்பெல். முன்னாள் போலீஸ்காரர், முன்னாள் மரண விசாரணை அதிகாரி. போதைப் பழக்கத்தைச் சிறையால் தீர்க்க முடியாது, மருத்துவத்தால்தான் அணுக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி வென்றார் அவர்.

வாஷிங்டன் கவலைப்படத் தொடங்கியது.

அமெரிக்க வெள்ளை மாளிகையின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அலுவலகத் தலைவர் ஜான் வால்டர்ஸ், தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே வான்கூவர் வந்தார். நகரத்தின் வர்த்தக சபை மதிய விருந்தில் பேச ஏற்பாடு. கட்டணம் செலுத்தினால் எவரும் மேசை பதிவு செய்யலாம்.

எமரி ஒரு மேசை பதிவு செய்தார்.

வால்டர்ஸ் பேசப் பேச, அந்த மேசையிலிருந்து குறுக்குக் கேள்விகளும் கூச்சல்களும் எழுந்தன. தொழிலதிபர்கள் நிறைந்த கூடத்தில், அமெரிக்க அதிபரின் நியமன அதிகாரி ஒருவர் பேச்சு தடைபட்டு நின்றார். பின்னாளில் தனக்கு நேர்ந்தவற்றுக்கெல்லாம் வேர் அந்த மதிய விருந்தில் இருந்ததாக எமரி நம்பினார். அதற்கு ஆவணச் சான்று கிடையாது. ஆனால் எல்லைக்கு அப்பால் அவருடைய பெயரை அறியாத அதிகாரிகள் இனி இருக்க முடியாது என்பது உறுதி.

*

ஒரு மசோதா, ஒரு சுருட்டு

2003 மே. பிரதமர் ஜான் கிரெட்சியன் அரசின் நீதி அமைச்சர் மார்டின் கோஷோன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 15 கிராம் வரை கஞ்சா வைத்திருந்தால் குற்றப் பதிவு கிடையாது. போக்குவரத்து அபராதம்போல் ஒரு சீட்டு. பெரியவர்களுக்கு 150 டாலர். வளர்ப்பவர்களுக்கான தண்டனையோ அதே மசோதாவில் கூட்டப்பட்டது.

எல்லைச் சோதனை கடுமையாகும், சரக்கு லாரிகள் வரிசையில் நிற்கும் என்று அமெரிக்கத் தரப்பு எச்சரித்தது. கனடாவின் ஏற்றுமதியில் பெரும்பகுதி அந்த ஒரே எல்லையைக் கடந்துதான் போக வேண்டும். மிரட்டலின் எடை ஒட்டாவாவுக்குப் புரிந்தது. அந்த மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. 2004-ல் பால் மார்ட்டின் அரசு மீண்டும் கொண்டுவந்தது. தேர்தல் அறிவிப்பால் மறுபடி செத்தது. அந்த ஆண்டு நவம்பரில் மூன்றாம் முறை. இந்த மூன்றாம் மசோதா 2005 கோடையில் இன்னும் நாடாளுமன்றத்தில் உயிரோடு இருந்தது.

இதற்கிடையே, ஒன்டாரியோ நீதிமன்றத் தீர்ப்புகளால் அந்த மாகாணத்தில் 2003 கோடை முழுவதும் கஞ்சா வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டமே செயலிழந்து கிடந்தது. எமரி நகரம் நகரமாகப் பயணம் புறப்பட்டார். காவல் நிலைய வாசலில் நின்று கஞ்சா புகைப்பதுதான் போராட்டம். சில நகரங்களில் போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது; சில நகரங்களில் கைது செய்தது.

2004 மார்ச்சில் சாஸ்கட்டூன் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் பேசப் போனார். பேச்சுக்குப் பிறகு ஒரு கஞ்சாச் சுருட்டைப் பக்கத்தில் இருந்தவருக்குக் கைமாற்றினார். அதைப் பார்த்த ஒருவர் சாட்சி சொன்னார்.

அன்றைய கனடாச் சட்டத்தில் பணம் வாங்காமல் கஞ்சா கொடுப்பதும் 'கடத்தல்' என்ற வரையறைக்குள் வந்தது. ஆகஸ்ட்டில் நீதிபதி 92 நாள் சிறைத் தண்டனை விதித்தார். சுமார் இரண்டு மாதம் சிறையில் இருந்தார்.

பகிரங்கமாக விதை விற்றதற்கு 2,000 டாலர் அபராதம். ஒரு சுருட்டைக் கைமாற்றியதற்கு 92 நாள். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே மனிதர். இந்தச் சட்டம் எவ்வளவு தாறுமாறாக இயங்கியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

*

கட்சி கரைந்தது

வெளியே கோரிக்கை வளர, உள்ளே கட்சி மெலிந்தது. சிறு கட்சிகளின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடப்பது: கோரிக்கையைப் பெரிய கட்சி எடுத்துக்கொண்டதும் தொண்டரும் அங்கேயே போய்விடுவார்.

2003-ல் புதிய ஜனநாயகக் கட்சியின் மத்தியத் தலைவராக வந்த ஜாக் லேட்டன், எமரியின் பாட்-டிவியில் பேட்டி கொடுத்தார். எமரி மகிழ்ந்து, மத்தியத் தேர்தலில் லேட்டன் கட்சிக்கு வாக்களியுங்கள் என்றார். மரிஜுவானா கட்சியை வளர்த்தவரே வாக்கை வேறு வீட்டுக்குத் திருப்பிவிட்டார்.

புதிய நிதிச் சட்டமும் அடித்தது. 2004 முதல் மத்தியக் கட்சிகளுக்குத் தனிமனிதர் தரும் நன்கொடைக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் உச்சவரம்பு. பதிலுக்கு, வாங்கும் ஒவ்வொரு வாக்குக்கும் 1.75 டாலர் வீதம் அரசு ஆண்டுதோறும் தந்தது. ஆனால் நாடளவில் 2 சதவீதமோ, போட்டியிட்ட தொகுதிகளில் 5 சதவீதமோ வாங்காத கட்சிக்கு அதுவும் இல்லை. சிறு கட்சியின் பெரிய கொடையாளரை வெட்டிவிட்டு, அரசு மானியத்தையும் மறுத்த சட்டம் அது. 2004 மத்தியத் தேர்தலில் மரிஜுவானா கட்சியின் வாக்கு பாதியாகக் குறைந்தது. 2005 தொடக்கத்தில் கட்சியை நிறுவிய செயின்ட்-மொரீஸே லிபரல் கட்சியில் சேர்ந்தார்.

பிறகு 2005 மார்ச் 3. ஆல்பர்ட்டாவின் மேயர்தார்ப் அருகே ஒரு பண்ணையில் நான்கு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பண்ணையில் கஞ்சாச் செடிகள் இருந்தன. சுட்டவன் நெடுங்காலமாக வன்முறைக்குப் பேர்போனவன். போலீஸ் அங்கே முதலில் போன காரணமும் கஞ்சா இல்லை. இதெல்லாம் பிறகுதான் தெளிவானது. அந்த வாரத்தில் நாடு முழுதும் கஞ்சாத் தோட்டங்கள் மீதே கோபம் திரும்பியது.

மே 17-ல் பிரிட்டிஷ் கொலம்பியா மீண்டும் வாக்களித்தது. இம்முறை மரிஜுவானா கட்சியால் எல்லாத் தொகுதியிலும் நிற்க முடியவில்லை. கிடைத்தது 0.65 சதவீதம்.

நான்கு ஆண்டில் 3.2-லிருந்து 0.65. தேர்தல் கணக்குப்படி எமரி முடிந்துபோன மனிதர்.

ஆனால் எல்லைக்குத் தெற்கே, அதே மாதத்தில், வேறு ஒரு கணக்கு முடிந்துகொண்டிருந்தது.

*

2005 ஜூலை 29

சியாட்டில் நகரத்தில் மே மாதமே ஒரு கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) கூடி, ரகசியமாகக் குற்றப்பத்திரிகையை அங்கீகரித்திருந்தது. அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. ஏறக்குறைய 18 மாதங்கள் விசாரித்திருந்தது. முகவர்கள் வாடிக்கையாளர் வேடத்தில் விதை வாங்கினார்கள். பல மாநிலங்களில் பிடிபட்ட கஞ்சாத் தோட்டங்களுக்கும் வான்கூவர் உறைகளுக்கும் முடிச்சுப் போட்டார்கள். ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வியாபாரம், வாடிக்கையாளரில் நாலில் மூன்று பங்கு அமெரிக்கர்கள் என்பது அவர்கள் தரப்பு.

குற்றச்சாட்டுகள் மூன்று: கஞ்சா உற்பத்திச் சதி, விதை விநியோகச் சதி, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் சதி. நிரூபணமானால் குறைந்தபட்சம் 10 ஆண்டு. அதிகபட்சம் ஆயுள்.

வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரின் பெயர் ஜான் மெக்கே. வாசகர்கள் இந்தப் பெயரையும் மறக்க வேண்டாம். சில வாரம் கழித்து அவர் இந்தக் கதைக்குள் மறுபடி வரும்போது, நாம் எதிர்பார்க்காத பக்கத்தில் நிற்பார்.

ஜூலை 29, வெள்ளிக்கிழமை. எமரி வான்கூவரில் இல்லை. நாட்டின் மறு கோடியில், அட்லாண்டிக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவில், ஒரு கஞ்சா ஆதரவு விழாவில் பேசப் போயிருந்தார். அங்கே லாரன்ஸ்டவுன் என்ற ஊரில், அமெரிக்காவின் கோரிக்கைப்படி கனடா போலீஸ் அவரைக் கைது செய்தது.

அதே நேரத்தில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், வான்கூவரின் மேற்கு ஹேஸ்டிங்ஸ் தெருவில் இருந்த மரிஜுவானா கட்சியின் புத்தகக் கடைக்குள் போலீஸ் நுழைந்தது. இரு நாட்டுச் சட்ட உதவி ஒப்பந்தப்படி பெற்ற சோதனை ஆணை கையில் இருந்தது. கணினிகள், கோப்புகள், பதிவேடுகள் வெளியே வந்தன. செய்தி பரவி ஆதரவாளர்கள் தெருவில் திரண்டார்கள்.

எமரியோடு இன்னும் இருவர் மீதும் வழக்கு. அவர்களில் ஒருவர், கட்சியின் முன்னணி நிர்வாகியான மிஷெல் ரெய்னி. கிரோன்ஸ் என்ற குடல் நோயோடு போராடிய அவர், அரசின் உரிமத்தோடு மருத்துவக் கஞ்சா பயன்படுத்தியவர். தன் நாடு மருந்தாக அனுமதித்த செடிக்காக, அண்டை நாட்டில் ஆயுள் சிறை வரை போகக்கூடிய வழக்கு அவர் மேல் விழுந்தது.

கனடாவில் அவர்கள் மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. வான்கூவரில் உட்கார்ந்து, வான்கூவரில் செய்த செயலுக்காக, வான்கூவர் போலீஸ் எதுவும் பதிவு செய்யாத நிலையில், அமெரிக்கா கேட்டது: அவர்களை எங்களிடம் ஒப்படை.

*

ஓர் அறிக்கை செய்த வேலை

கைது நடந்த அன்றே டி.இ.ஏ. தலைவர் கேரன் டேண்டி ஓர் அறிக்கை வெளியிட்டார். வழக்கமாக இப்படிப்பட்ட அறிக்கையில் எத்தனை விதை, எத்தனை டாலர் என்று இருக்கும். இந்த அறிக்கை வேறு திசையில் போனது.

இந்தக் கைது கஞ்சாக் கடத்தலுக்கு மட்டும் விழுந்த அடி இல்லை, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் இயக்கத்துக்கும் விழுந்த பெரிய அடி என்று அதில் சொல்லியிருந்தார். எமரியின் லாபத்தில் லட்சக்கணக்கான டாலர் அமெரிக்கா, கனடா இரு நாட்டிலும் அந்த இயக்கக் குழுக்களுக்குப் போனதை எடுத்துக் காட்டினார். சட்ட மாற்றம் கேட்பவர்கள் இனி நம்பியிருக்க அந்தப் பணம் இல்லை என்றார். உலகின் தலையாய கடத்தல் இலக்குகள் 46 பேர் கொண்ட பட்டியலில் எமரி ஒருவர், கனடாவிலிருந்து அவர் மட்டுமே என்றும் குறிப்பிட்டார்.

எமரியின் வழக்கறிஞர்களுக்கு இதைவிட நல்ல ஆயுதத்தை வேறு யாரும் தந்திருக்க முடியாது.

ஏனென்றால் கனடாவின் 1999 ஒப்படைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவரை அவருடைய அரசியல் கருத்துக்காகத் தண்டிக்கும் நோக்கத்தில் வேறு நாடு கேட்டால், நீதி அமைச்சர் மறுத்தே ஆக வேண்டும். கேட்பவரின் நோக்கத்தை நிரூபிப்பதுதான் எப்போதும் கடினம். இங்கே டி.இ.ஏ. தலைவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

சியாட்டில் அலுவலகம் அவசரமாக விளக்கம் தந்தது: வழக்கு விதை விற்பனை பற்றியது மட்டுமே, அவருடைய அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரு தரப்பும் முழுப் பொய் சொல்லவில்லை. எமரி அமெரிக்கர்களுக்கு விதை விற்றார். மறைக்காமல், தெரிந்தே விற்றார். அந்த விதையை முளைக்க வைத்த அமெரிக்கர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தப் பொறுப்பு அவருக்கு உண்டு. அதேபோல், அந்த வியாபாரத்தைச் செய்த வேறு கனடாக்காரர்களும் இருந்தார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு தேர்தலில் நின்றவர் இவர்.

79 தொகுதிகளை நிரப்பிய பணமே கைவிலங்கின் பிடியாகவும் ஆனது. வேறு வழியில் நிதி திரட்டியிருந்தால் அந்தக் கட்சி பிறந்தே இருக்காது. பிறந்த வழியிலேயே அது மாட்டிக்கொண்டது.

50,000 டாலர் ஜாமீனில் எமரி வெளியே வந்தார். வயது 47.

இனி முடிவு எடுக்க வேண்டியது முதலில் நீதிமன்றம். கடைசியில் நீதி அமைச்சர். அன்றைய நீதி அமைச்சர் இர்வின் காட்லர். அரசியலில் நுழைவதற்கு முன் உலகெங்கும் அரசியல் கைதிகளுக்காக வாதாடிய மனித உரிமை வழக்கறிஞர். நெல்சன் மண்டேலாவுக்காகவும் குரல் கொடுத்தவர். ஆனால் அவர் இருந்த மார்ட்டின் அரசுக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை; எந்த வாரமும் கவிழலாம்.

வாசகர்கள் இப்போது அந்தத் தொகையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கனடா நீதிமன்றம் இதே குற்றத்துக்கு 1998-ல் விதித்தது 2,000 டாலர். அமெரிக்கா கேட்பது குறைந்தது 10 ஆண்டு.

தன் மண்ணில் 2,000 டாலர் அபராதத்துக்கு உரிய செயலுக்காக, தன் குடிமகனை ஒரு நாடு ஆயுள் சிறை வாசலுக்கு அனுப்பலாமா? அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடப் போவது மண்டேலாவுக்காகப் பேசியவரா, அல்லது வாக்காளர்கள் கொண்டுவந்து உட்கார வைக்கப் போகும் வேறு ஒருவரா?

(அடுத்த வாரம்: கவிழ்ந்த அரசு, மாறிய அமைச்சர்)